பரிசளிக்க ஒரு ரீஃபர்பிஷ்டு டேப்லெட்: வேலூரில் வாங்கிய அனுபவம்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பதற்காக, வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்துப் புதுப்பித்த) சாதனங்கள் விற்கும் கடை ஒன்றில் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ8 வாங்கினேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்களைக் கைப்பேசித் திரையில் படிப்பது கண்ணுக்குப் பெரும் தொல்லை, இதன் 10.5 அங்குலத் திரையில் ஒரு பி.டி.எஃப். பக்கத்தைப் பெரிதாக்காமலே படிக்க முடிகிறது. 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பும் கொண்ட இந்த வைஃபை மாடல் 2022 ஜனவரியில் 19,999 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. எனக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே ஆயிற்று.

அவசரப்படுத்தாமல், உட்கார வைத்துச் சோதித்துப் பார்க்க விட்டதற்காக அந்தக் கடையைப் பாராட்ட வேண்டும். முதலில் காட்டிய டேப்லெட்டில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் வலது கீழ் மூலையில் நகத்தளவு மங்கலான திட்டு தெரிந்தது. கறுப்பு வால்பேப்பரில் அது கண்ணில் படவே இல்லை. இரண்டாவதில் ஓர் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரையின் ஓரம் நெடுக மெதுவாக இழுத்துப் பார்த்தேன். தொடுதிரையில் எங்காவது செயலிழந்த இடம் இருந்தால் ஐகான் அங்கே விரலைவிட்டு நழுவிவிடும். நழுவவில்லை.

பரிசுப் பொருள் என்பதால் நான் அதிகம் கவலைப்பட்டது பழைய கூகுள் கணக்கைப் பற்றித்தான். முன்பு வைத்திருந்தவர் கணக்கை நீக்காமல், பட்டன்களை அழுத்தித் திறக்கும் ரிக்கவரி மோடு வழியாக டேப்லெட்டிலுள்ள தகவல்களை அழித்திருந்தால், மறுபடி இயக்கும்போது அது அவருடைய கணக்கையோ திரைப்பூட்டையோ கேட்டு நின்றுவிடும். உறவினர் கூடியிருக்கும் இடத்தில் அப்படி நடந்தால் கொடுத்தவருக்குத்தான் தலைகுனிவு. ஆகவே கடைக்காரர் கண்ணெதிரே ரீசெட் செய்து, என் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முகப்புத் திரை வரை சிக்கலின்றிப் போகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

ஆண்ட்ராய்டு 11-உடன் வந்த இந்த மாடல் 14-உடன் நின்றுவிட்டது, அதற்கு மேற்பட்ட பதிப்பு இதற்கு வராது. படிப்புக்கும் காணொளி வகுப்புக்கும் அது தடையில்லை. ஆனால் பழைய பதிப்பில் பாதுகாப்பு குறைவு என்பதால், வங்கிச் செயலிகளை இதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பில் விஷயத்தில்தான் கடை சறுக்கியது. 'டேப்லெட் 1' என்று மட்டும் எழுதி நீட்டினார்கள். சிம் போடும் சாதனங்களுக்கு இருக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண் வைஃபை மாடலுக்குக் கிடையாது, ஆகையால் அந்த எண்ணைச் சரிபார்க்கும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்க வழியில்லை. சீரியல் எண்ணும் பில்லில் இல்லாவிட்டால் ஆறு மாத வாரண்டியை எதை வைத்துக் கேட்பது? வற்புறுத்திய பிறகு முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். கூடக் கொடுத்த சார்ஜரில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையே இல்லை, மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். அதை அங்கேயே வைத்துவிட்டு, 15 வாட் சார்ஜர் ஒன்றை வேறு கடையில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். விலை பேசும்போதே அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்துப் பேசுவது நல்லது.