டைக்கர் ஹைட்ஸ் விளக்கு பார்க்க டிக்கெட் வாங்கிடாதீங்க

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, டிசம்பர்ல நியூயார்க் விளக்கெல்லாம் காட்டணும்னு நினைக்கிறவங்க இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. நான் 214 டாலர் தண்டம் அழுத கதை.

புரூக்ளின்ல டைக்கர் ஹைட்ஸ்னு ஒரு குடியிருப்புப் பகுதி. 1980கள்ல லூசி ஸ்பாட்டாங்கிற அம்மா தன் வீட்டு வாசல்ல கிறிஸ்துமஸுக்கு விளக்கு போட ஆரம்பிச்சாங்க. இப்போ 11ஆவது அவென்யூவுக்கும் 13ஆவது அவென்யூவுக்கும் நடுவுல, 83ஆவது தெருவுலேர்ந்து 86ஆவது தெரு வரைக்கும், வீட்டுக்கு வீடு போட்டிதான். ஆள் வச்சு, கிரேன் வச்செல்லாம் கட்டுறாங்க. எல்லாம் அவங்கவங்க வீட்டு வாசல். நாம நிக்கிறது பொதுத்தெரு. கேட்டும் கிடையாது, கவுண்டரும் கிடையாது.

இது எனக்குத் தெரியாம போச்சு. நெட்ல பார்த்த ஒரு டூர் கம்பெனி, ‘பஸ்ஸும் நுழைவுச்சீட்டும் சேர்த்து, வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம்’னு போட்டிருந்தான். தலைக்கு 49 டாலர், நாலு பேருக்கு 196, அதுக்கு மேல புக்கிங் கட்டணம் 18. அப்பாவுக்கு முட்டிவலி, பஸ்னா சௌகரியம்னு கட்டிட்டேன்.

மன்ஹாட்டன்ல 6 மணிக்கு எடுக்கவேண்டிய பஸ் 7.10க்கு எடுத்தாங்க. அதுவரைக்கும் பிளாட்பாரத்துல நின்னோம். அம்மாவுக்கு மங்கி கேப்புக்குள்ள மூக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. டிராஃபிக்ல ஊர்ந்து போய்ச் சேரும்போது 8.25. இறங்குறதுக்கு முன்னாடி கைடு எல்லாருக்கும் மணிக்கட்டுல ஆரஞ்சு கலர் காகிதப் பட்டை ஒட்டிவிட்டு, “யாராவது கேட்டா காட்டுங்க”ன்னான்.

84ஆவது தெருவுல ஒரு வீட்டு வாசல்ல ரெண்டு மாடி உயரத்துக்கு பொம்மைச் சிப்பாய்ங்க. அப்பா அங்க நின்னு, கையுறையைக் கழட்டி, ஸ்வெட்டர் கையை மேல ஏத்தி, தரிசன டோக்கனைக் காட்டுற மாதிரி வாசல்ல நின்ன பெரியவர்கிட்ட பட்டையைக் காட்டினார். அவருக்கு ஒண்ணும் புரியல. நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சிட்டார். “இது தெருப்பா, இங்க யாரு காசு கேப்பா”ன்னார். எவ்வளவு கொடுத்தீங்கன்னும் கேட்டார். கூச்சமாப் போயி, தலைக்கு இருபதுன்னு குறைச்சுச் சொன்னேன்.

9 மணிக்கு ஒவ்வொரு வீடா விளக்கு அணைய ஆரம்பிச்சுது. அம்மா ரெண்டாவது தெருவுல பாதிகூடத் தாண்டல. 9.05க்கு பஸ் ஹாரன்.

கம்பெனிக்கு மெயில் போட்டா, ‘நுழைவு என்றால் அந்தப் பகுதிக்குள் அழைத்துச் செல்வது’ன்னு பதில். நல்லவேளை, காசு கட்டும்போதே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தேன். கிரெடிட் கார்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டு பாதிக் காசு திரும்ப வாங்கினேன். டெபிட் கார்டுல கட்டியிருந்தா என்ன ஆயிருக்குமோ.

பஸ் டூரே தப்புன்னு சொல்லல. வண்டிக்கும் கைடுக்கும்னு சொல்லி வாங்கினா அது நியாயமான காசு. எத்தனை மணிக்குக் கொண்டுபோய் விடுவீங்க, எவ்வளவு நேரம் நடந்து பார்க்கலாம்னு எழுத்துல கேட்டுக்கோங்க. ‘நுழைவு’ங்கிற வார்த்தை எங்க இருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிடுங்க.

அடுத்த புதன்கிழமை நாங்களே போனோம். ‘டி’ (D)ங்கிற சப்வே ரயில் ஏறி 79ஆவது தெரு ஸ்டேஷன்ல இறங்கணும், ஆளுக்கு சுமார் மூணு டாலர். ஸ்டேஷன் உயரத்துல இருக்கு, படி இறங்கணும், அப்பாவை மெதுவா இறக்கினோம். அப்புறம் கால் மணி நேர நடை. பாத்ரூம் எல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடியே முடிச்சிக்கோங்க, அது வெறும் வீடுங்க இருக்கிற இடம். 5.30க்கே போய்ட்டதால கூட்டமும் இல்ல. சிப்பாய் வீட்டு முன்னாடி மட்டும் இருபது நிமிஷம் நின்னோம்.

திரும்பி வரும்போது ரயில்ல அப்பா பர்ஸைத் திறந்தார், உள்ள அந்த ஆரஞ்சுப் பட்டை.

“இதை எதுக்குங்க பத்திரமா வச்சிருக்கீங்க?”ன்னாங்க அம்மா.

“49 டாலராச்சே”ன்னார்.