போலார் எக்ஸ்பிரஸா, பாம்பன் பாலமா?

அரையாண்டு லீவில் மகனுக்கு எந்த ரயிலைக் காட்டுவது? 2004-இல் வந்த 'போலார் எக்ஸ்பிரஸ்' படத்தின் எஞ்சினுக்கு மாதிரி, 1941-இல் கட்டிய பெர் மார்க்கெட் 1225 என்ற நிஜ நீராவி எஞ்சின். சத்தமும் அதிலிருந்தே எடுத்தது. கேட்டாலே நெஞ்சு அதிரும். ஆனால் உறைந்த ஏரியில் ரயில் சறுக்கும் காட்சியை என்னால் ஏற்க முடியவில்லை.

பாம்பனில் எல்லாமே நிஜம். 1914-இல் திறந்த பழைய பாலம், முன்பெல்லாம் கப்பலுக்காக இரண்டாகப் பிளந்து நிமிரும். 2025-இல் திறந்த புதுப் பாலத்திலோ 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே ஏறும். சாலைப் பாலத்தில் உப்புக்காற்றில் நின்றோம். அப்புறம் ரயில் வந்தது. கடல்மேல் ஒவ்வொரு பெட்டியாக எண்ணிய மகன், என் விரலைக் கடைசிப் பெட்டிவரை விடவில்லை.

மழை பிடித்துக்கொண்டால் படம் போடுங்கள். வெயில் அடித்தால் பாம்பன்தான்.