உப்பாற்றில் மெதுவான படகுப் பயணம் என்று நம்பி 42,000 ரூபாய் கட்டினோம்: திருகோணமலைக்கு வருவோர் கவனிக்கவும்

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வந்து நிற்கும் இந்தப் பருவத்தில், திருகோணமலையில் அவர்களை எங்கே கூட்டிச் செல்வது என்று விளம்பரம் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக, ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். "இரைச்சல் இல்லை, புகை இல்லை, இயற்கையோடு ஒன்றிய மெதுவான படகுப் பயணம்" என்று சமூக வலைத்தளத்தில் பக்கம் நடத்தி, முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வங்கியில் வைப்பிலிடச் சொல்லும் ஓர் ஏற்பாட்டாளரிடம் நாங்கள் 42,000 ரூபாயை இழந்திருக்கிறோம். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை, ஆனால் அவர்கள் பேசும் விதத்தை எழுதுகிறேன், அதை வைத்தே நீங்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என் அம்மா மூதூரில் பிறந்தவர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன், திருகோணமலையிலிருந்து தரைவழியாக மூதூருக்குப் போகிறவர்கள் களப்பும் ஆறும் குறுக்கிடும் இடமெல்லாம் இறங்கி, ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவையான 'பாதை'க்காகக் காத்து நிற்க வேண்டும், பொறுமையில்லாதவர்கள் கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து லோஞ்சில் போய்விடுவார்கள். இப்போது எல்லா இடத்திலும் பாலம் வந்துவிட்டது, வான் நிற்காமல் ஓடிவிடுகிறது. பயணம் இலகுவானதில் அம்மாவுக்கும் மகிழ்ச்சிதான், என்றாலும் வழியில் வரும் உப்பாற்றைக் கண்ணால் ஒழுங்காகப் பார்த்துப் பல காலமாகிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் பாலத்தைத் தாண்டியபின் சொல்வார். தங்கை கணவருடனும் பிள்ளைகள் இருவருடனும் டொரொன்டோவிலிருந்து வந்திருந்தபடியால், எல்லோருமாக ஒரு காலைப்பொழுதைக் கண்டல் காட்டுக்குள் படகில் கழிக்கலாம் என்று முடிவெடுத்தோம்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: கூரை வேய்ந்த மரப்படகு, துடுப்பும் தாங்குகோலும் மட்டும், நான்கு மணி நேரம், கரையில் பிட்டும் மீன் சொதியும், பறவைகளைக் காட்டிச் சொல்ல ஒரு வழிகாட்டி, ஒவ்வொருவர் கையாலும் ஒரு கண்டல் கன்று நடுகை. ஆளுக்கு 6,500 ரூபாய், கன்றுக்குத் தனியாக 500 ரூபாய். பிள்ளைகளுக்கும் அதே கட்டணம். ஆறு பேருக்கு 42,000 ரூபாய், அதாவது ஓய்வுபெற்ற ஆசிரியையான என் அம்மாவின் ஒரு மாத ஓய்வூதியத்தைவிடக் கூடிய தொகை.

விலையைப் பார்த்துத் தயங்கித்தான் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் மரியாதையான, அவசரமில்லாத குரலில் பேசினார். நான் பிற்பகலில் போகலாமா என்று கேட்டபோது அவர் உடனே மறுத்தார். "வேண்டாம் அக்கா, இது கச்சான் (தென்மேற்குக் காற்று) காலம், பத்து மணிக்குப் பிறகு காத்து ஏறிட்டா அம்மாவுக்குப் பயமா இருக்கும். காசுக்காக நாங்க அந்த நேரத்தில ஆக்களை ஏத்துறதில்லை, காலை ஆறு மணிக்கே வாங்கோ" என்றார். ஏமாற்ற நினைப்பவன் வருகிற வியாபாரத்தை இப்படித் தட்டிக்கழிக்க மாட்டான் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதோடும் நிற்கவில்லை. பிள்ளைகளின் வயதைக் கேட்டார், பிறகு இருவரின் நிறையையும் கேட்டார், அளவான உயிர்காப்பு அங்கி கொண்டுவர வேண்டும், பெரியவர்களின் அங்கி சிறுபிள்ளைக்குத் தலைவழியாகக் கழன்றுவிடும் என்று விளக்கம் வேறு சொன்னார். தங்கை பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கனடாவில்கூட இவ்வளவு கவனமாகக் கேட்க மாட்டார்கள் என்றாள். அன்று மாலையே 42,000 ரூபாயையும் வைப்பிலிட்டோம், பற்றுச்சீட்டைப் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பியதும் "நன்றி அக்கா, அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தது.

சொன்ன நாளில் ஆறு மணிக்கு முன்பே அவர் குறிப்பிட்ட துறையில் போய் நின்றோம். படகும் இல்லை, ஆளும் இல்லை. அழைத்தால் "பத்து நிமிஷம் அக்கா" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது, கடைசியில் அழைப்பே போகவில்லை. அம்மா கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பழைய தோணியின்மேல் உட்கார்ந்திருந்தார். ஏழரைக்கு வந்தது கூரை வேய்ந்த மரப்படகு அல்ல, முகப்பில் மீன்பிடித் திணைக்களப் பதிவு இலக்கம் எழுதிய சாதாரண ஃபைபர் வள்ளம், பின்னால் எஞ்சின், நடுவே இன்னும் ஈரம் சொட்டும் வலைக் குவியல், வலைக்கண்ணில் சிக்கி நசுங்கிய ஒரு சிறு நண்டு.

வள்ளக்காரர் நல்ல மனிதர், அதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். "நானா, துடுப்புப் படகு என்றல்லவா சொன்னார்கள்?" என்று நான் கேட்டதும் அவர் எங்களைவிடக் குழம்பிப் போனார். "எனக்கு ஒண்டும் தெரியாது தங்கச்சி. ராத்திரி ஒருத்தர் கோல் எடுத்து, ஆக்களை ஒரு சுத்துச் சுத்திக் காட்டிக் கொண்டாந்து விடு, ஆறாயிரம் தாறன் எண்டவர், அதையும் இன்னும் தரல்ல" என்றார். எங்களிடம் 42,000 ரூபாய் வாங்கியவர்கள், கடலுக்குப் போய் விடிய விடிய உழைத்துத் திரும்பிய மனிதருக்குப் பேசிய கூலி 6,000 ரூபாய், அதையும் கடனாக.

உயிர்காப்பு அங்கிகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு உரப்பையில் நான்கு கிடந்தன. நான்கும் பெரியவர்களுக்கானவை, செம்மஞ்சள் நிறம் வெளிறி வெள்ளையாகிப்போனவை, ஒன்றின் பட்டிக்குக் கொளுவி இல்லை, அதற்குப் பதில் நைலோன் கயிறு. தங்கையின் சின்ன மகனுக்கு ஒன்றைப் போட்டுத் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தோம், பிள்ளை நின்ற இடத்தில் நிற்க அங்கி மட்டும் கையோடு வந்தது. தொலைபேசியில் அந்த மனிதர் எப்படி எச்சரித்தாரோ அச்சொட்டாக அப்படியே. 2021 நவம்பர் 23ஆம் திகதி இதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் இறந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் எவரும் மறக்கவில்லை. அந்த மண்ணிலேயே நின்றுகொண்டு, ஒரு பிள்ளையின் நிறையைக் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு கொளுவி இல்லாத அங்கியை அனுப்புகிற மனம் எப்படிப்பட்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று தங்கையின் கணவர் சொன்னார். அம்மாவின் முகத்தைப் பார்த்த வள்ளக்காரர், கரையோரமாக, ஆழமில்லாத பக்கத்திலேயே மெதுவாகக் கொண்டுபோகிறேன் என்று உறுதி சொன்னபடியால் ஏறினோம். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் பழைய ஈரடிப்பு எஞ்சின் அது. இயந்திரவேலை தெரிந்த தங்கையின் கணவர் சொன்னதன்படி, இத்தகைய எஞ்சின்களில் எரிபொருளில் கால்வாசி வரை எரியாமலே வெளியே போகும். அவர் சொல்லத் தேவையே இருக்கவில்லை, வள்ளத்தின் பின்னால் நீலமும் ஊதாவுமாக எண்ணெய்ப் படலம் விரிந்துகொண்டே வந்தது. கண்டல் வேர்களுக்கிடையில் நின்ற கொக்குகள் நாங்கள் நெருங்குவதற்கு வெகு முன்பே எழுந்து பறந்தன. எஞ்சின் வைத்தால் பறவைகள் பறந்துவிடும் என்று அவர்களின் விளம்பரமே எழுதியிருந்தது, அந்த ஒன்று மட்டும் உண்மை.

பிள்ளைகள் இறங்கிக் குளிக்கலாம் என்றும் விளம்பரத்தில் ஒரு வரி உண்டு. பெரியவன் தண்ணீருக்குள் கையை விட்டதும் வள்ளக்காரர் அதட்டினார். மகாவலி வந்து விழும் இந்தப் பக்கத்து நீரில் முதலை இருப்பது மீனவர் எவருக்கும் தெரியும். அதை எழுதியவருக்குத் தெரியாதா, தெரிந்தும் எழுதினாரா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

கன்று நடுகை என்று 3,000 ரூபாய் வாங்கினார்கள் அல்லவா, அந்த இடத்தையும் பார்த்தோம். முந்தி ஒரு தடவை இப்படி ஆட்களை இங்கே கொண்டுவந்து விட்டேன் என்று வள்ளக்காரர் காட்டிய சேற்றுத் திட்டில், கறுப்புப் பொலித்தீன் பையோடு சேர்த்தே புதைக்கப்பட்ட கன்றுகள் வரிசையாகக் காய்ந்து நின்றன. சிலவற்றில் நட்டவர்களின் பெயர் எழுதிய அட்டைகூடத் தொங்கியது. கண்டல் தெரிந்த எவரும் இப்படி நட மாட்டார். தாய்மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் அதன் முளைக்காயை, நீர் ஏறி இறங்கும் சரியான மட்டம் பார்த்துச் சேற்றில் குத்திவிட்டாலே போதும், பிடித்துக்கொள்ளும். இடமும் இனமும் பார்க்காமல் நட்டதால்தான் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாட்டில் நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்காமல் போனது. அந்த அனுபவத்துக்குப் பின்னும் படம் எடுப்பதற்காக மட்டும் நட்டு, அதைச் சூழல் பாதுகாப்பு என்று விற்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பொய்க் கன்றுகூடக் கொடுக்கப்படவில்லை.

ஐம்பது நிமிடத்தில் கரைக்கு வந்துவிட்டோம். வழிகாட்டி இல்லை, பிட்டு இல்லை, சொதி இல்லை. பிள்ளைகள் பையில் இருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டார்கள். வள்ளக்காரருக்குப் பேசிய கூலியை நாங்களே கொடுக்கப் போனபோது அவர் எண்ணெய்ச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. முதல் அழைப்பில், படகு பழுதாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, பணம் திரும்ப வரும் என்றார். அடுத்து, கணக்குப் பார்க்கும் பிள்ளை விடுமுறையில் நிற்கிறா என்றார். பிறகு போயா விடுமுறை, வங்கி பூட்டு என்றார், அதற்கு மறுநாளும் வங்கி பூட்டியிருந்ததுபோல் பேசினார். கொழும்பில் இருக்கும் பங்காளியிடம் கேட்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. பின்னர் பணத்துக்குப் பதிலாக அடுத்த பருவத்தில் இலவசமாக ஒரு பயணம் தருவதாக ஒரு வவுச்சர் வந்தது. வாரக்கணக்கில் சேமித்த விடுமுறையில் கனடாவிலிருந்து வந்தவர்களுக்கு அடுத்த பருவம்! வவுச்சர் வேண்டாம், 42,000 ரூபாய்தான் வேண்டும் என்று எழுதியதும், அதுவரை "அக்கா" என்று அழைத்தவர் "மேடம்" என்று எழுதத் தொடங்கினார்.

கடைசியாக வந்த செய்திதான் என்னை இதை எழுத வைத்தது. "கச்சான் காற்றுப் பலமாக வீசியமையால் பயணிகளின் பாதுகாப்புக் கருதிப் பயணம் சுருக்கப்பட்டது. காலநிலை காரணமான மாற்றங்களுக்குப் பணம் மீளளிக்கப்பட மாட்டாது." எந்தக் காற்றைச் சொல்லி எங்கள் நம்பிக்கையைச் சம்பாதித்தாரோ, அதே காற்றைச் சொல்லிப் பணத்தை வைத்துக்கொண்டார். அன்று காலையில் உப்பாற்றில் அலையே இல்லை, தங்கையின் கைத்தொலைபேசியில் இருக்கும் காணொளியில் கண்டல் மரங்கள் நீரில் தலைகீழாகத் தெரிகின்றன. காணொளியை அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, அத்தோடு என் இலக்கத்தை முடக்கிவிட்டார். தங்கையின் இலக்கத்திலிருந்து புதிய வாடிக்கையாளர்போல் கேட்டபோது மட்டும் உடனே பதில் வந்தது, பிள்ளைகள் உண்டா, நிறை எவ்வளவு என்று.

விளம்பரத்தைக் காட்டிய வலைத்தளத்துக்கும் முறைப்பாடு அனுப்பினோம். தாம் இடத்தைக் கொடுப்பவர்கள் மட்டுமே, கொடுக்கல் வாங்கலில் தமக்குத் தொடர்பில்லை என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அந்தக் கூரை வேய்ந்த மரப்படகின் படத்தை உற்றுப் பார்த்தால் பின்னால் தென்னை வரிசையும் மலையாளத்தில் ஒரு பெயர்ப்பலகையின் ஓரமும் தெரிகின்றன, அது கேரளத்துக் காயலில் ஓடும் கெட்டுவள்ளம். இதையும் சுட்டிக்காட்டி எழுதினோம். அதே தானியங்கிப் பதில், எழுத்து மாறாமல்.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லியிருக்கிறோம், எழுத்திலும் கேட்டிருக்கிறார்கள், நாளைக்குப் பற்றுச்சீட்டு, வாட்சப் உரையாடல், காணொளி எல்லாவற்றையும் பிரதியெடுத்துக் கொடுக்க வேண்டும். பொலிஸிலும் பதிந்தாயிற்று.

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள், துறையில் படகைக் கண்ணால் கண்டபின் மிச்சத்தைக் கொடுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு உண்டா என்று கேளுங்கள், உண்டு என்றால் பதிவு இலக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனி ஆளின் பெயரில் இருந்தால் விட்டுவிடுங்கள். எங்களுக்குத் தந்தது தனி ஆளின் கணக்கு. பிள்ளைகளின் அங்கியைப் போட்டுத் தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், கழன்றால் ஏறவே ஏறாதீர்கள். இதே ஆட்களிடம் பணம் கட்டியவர்கள் வேறு யாரும் இருந்தால் தயவுசெய்து எனக்குச் செய்தி அனுப்புங்கள், ஒருவர் தனியாகக் கொடுக்கும் முறைப்பாட்டைவிடப் பலர் சேர்ந்து கொடுப்பது பலமானது என்று முறைப்பாடு கொடுத்த இடத்தில் சொன்னார்கள்.