கிட்ஹப்ல தொல்லை குடுக்கற யூசர்களை சமாளிக்கற வசதிகள்: யூஸ் பண்ணி பாத்த அனுபவம்

கோட்ட வச்சு பகிர்ற சைட்டான கிட்ஹப்ல நான் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் (யார் வேணாலும் கோட்ட பாத்து எடுத்துக்கற) டூல் பாத்துக்கறேன். பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்ப எக்செல்ல தொறக்கற மாதிரி மாத்தி குடுக்கும், அவ்ளோதான். ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி ஒரு மணிநேரம், ஞாயித்துக்கிழமை கொஞ்சம், அதுலதான் ஓடுது. கோட் எழுதறது எனக்கு கஷ்டமே இல்ல, "வேலை செய்யல"ன்னு ரெண்டே வார்த்தைல இஷ்யூ (டூல் பத்தின புகார், கோரிக்கை) போட்டுட்டு மறுநாள் காலைல "யாராவது இருக்கீங்களா??"ன்னு கேக்கறவங்களுக்கு பதில் சொல்றதுதான் ஆளை தின்னுடும். ஒரு கட்டத்துல ரெப்போவையே (டூலோட கோட் இருக்கற பக்கத்தையே) மூடிடலாம்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி கிட்ஹப்ல இதுக்குன்னு என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் போட்டு பாத்துடுவோம்னு ஆரம்பிச்சேன்.

இதுல தங்கம்னா இஷ்யூ ஃபார்ம்தான். 2016 ஜனவரில ஓப்பன் சோர்ஸ் மெயின்டெய்னர்கள் (என்ன மாதிரி டூல பாத்துக்கறவங்க) நிறைய பேர் சேந்து கிட்ஹப்புக்கு ஒரு திறந்த கடிதம் போட்டாங்க, இஷ்யூல தேவையான விவரமே வரமாட்டேங்குது, "+1"னு (எனக்கும் இதேதான்னு) வெறும் கமென்ட்டா குமியுதுன்னு. அடுத்த மாசமே டெம்ப்ளேட் (இஷ்யூ பாக்ஸ்ல முன்னாடியே நிரம்பி வர்ற மாதிரி எழுத்து) வந்துச்சு, மார்ச்ல +1க்கு பதிலா கட்டைவிரல் ரியாக்ஷன் வந்துச்சு. ஆனா டெம்ப்ளேட் வெறும் எழுத்துதான, வர்றவங்க மொத்தத்தையும் அழிச்சுட்டு அதே ரெண்டு வார்த்தைய எழுதிட்டு போவாங்க. 2021ல வந்த ஃபார்ம்ல அது முடியாது, கட்டாயம்னு குறிச்ச கேள்விக்கு பதில் போட்டாதான் சப்மிட் ஆகும் (பப்ளிக் ரெப்போல மட்டும்). நான் எந்த வெர்ஷன், எந்த பேங்க், என்ன எரர் வந்துச்சுன்னு மூணு கேட்டேன், கடைசில "கணக்கு நம்பரை மறைச்சுட்டேன்"னு ஒரு டிக் பாக்ஸ். ஏன்னா நெஜமாவே சொந்த ஸ்டேட்மென்ட்ட அப்படியே ஊருக்கே தெரியற மாதிரி போட்டுடறாங்க, பாத்த உடனே பதறிப்போய் டெலீட் பண்ணிருக்கேன்.

ஃபார்ம் போட்டதும்தான் ஒண்ணு புரிஞ்சுது, நான் மனசுக்குள்ள திட்டிட்டிருந்த பாதி பேரு தொல்லை பண்ணணும்னு வந்தவங்களே இல்ல, காலி பாக்ஸ பாத்து என்ன எழுதணும்னு தெரியாம நின்னவங்க. கேள்வி கேட்டா அழகா பதில் எழுதறாங்க.

அடுத்து சேவ்டு ரிப்ளை. அடிக்கடி சொல்ற பதிலை எழுதி வச்சுக்கலாம். இதோட அருமை நேரம் மிச்சம் ஆகறதுல இல்ல, கோவம் இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் எழுதின பதில், கோவமா இருக்கற ராத்திரி பதினோரு மணிக்கு கைக்கு வருது, அதுல இருக்கு. குறை என்னன்னா அது அவங்கவங்க அக்கவுண்ட்டோட நின்னுடும், கூட வேலை செய்யறவங்களோட பகிர முடியாது. புது வசதி கேக்கறவங்களுக்கு டிஸ்கஷன்ஸ் (பொதுவா பேசற பகுதி) போதும், இஷ்யூவ அப்படியே அங்க நகத்திடலாம்.

லாக் (பேச்ச மூடறது), ஹைட் (கமென்ட்ட மறைக்கறது), ப்ளாக் (ஆளை தடுக்கறது) மூணும் கடைசி ஆயுதம். ஒருத்தர் வந்து "எங்க ஆபீஸ்ல 40 பேர் யூஸ் பண்றோம், வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க"ன்னு ஆரம்பிச்சு, நான் பதில் சொல்ல சொல்ல வேற யூசர்களையும் திட்ட ஆரம்பிச்சுட்டாரு. சூடு அதிகமாயிடுச்சுன்னு காரணம் போட்டு லாக் பண்ணேன். அப்புறம் ரெண்டு நாள் தூக்கமே இல்ல, தப்பு பண்ணிட்டமோன்னு. அப்பதான் கர்ல் (நெட் வழியா டேட்டா அனுப்ப, எடுக்க உதவற டூல்) எழுதின டேனியல் ஸ்டென்பெர்க் கதை ஞாபகம் வந்துச்சு. லாக்4ஜேங்கற ஜாவா லைப்ரரில பெரிய பாதுகாப்பு ஓட்டை வெடிச்சப்புறம், 2022 ஜனவரில ஒரு பெரிய கம்பெனி அவருக்கு கேள்வி பட்டியல் அனுப்பி 24 மணிநேரத்துல பதில் வேணும்னு கேட்டுச்சு, கர்ல்ல லாக்4ஜேவே கிடையாது. சப்போர்ட் கான்ட்ராக்ட் போடுங்க, சந்தோஷமா பதில் சொல்றேன்னு எழுதினாரு. அவரே சொல்லலாம்னா நாமளும் சொல்லலாம்.

இன்னொண்ணு, இத வெறும் மனக்கஷ்டம்னு மட்டும் நெனைக்காதீங்க. எக்ஸ்இசட் யூட்டில்ஸ்ங்கற ஃபைல் சுருக்கற டூல ரொம்ப வருஷமா கிட்டத்தட்ட தனியா பாத்துக்கிட்ட லாஸ்ஸே காலினை 2022ல சில பேர் ஏன் இவ்ளோ லேட்டு, வேற ஆளை மெயின்டெய்னரா சேருங்கன்னு நெருக்கிக்கிட்டே இருந்தாங்க. அவரு மனநிலை சரியில்லன்னு சொல்லியும் விடல. அப்படி உள்ள வந்த ஆளு வெளியிட்ட 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல திருட்டுக் கதவு (பேக்டோர்) இருந்துச்சு, 2024 மார்ச்ல ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் எஸ்எஸ்எச் (தூரத்துல இருக்கற கம்ப்யூட்டருக்குள்ள நுழையற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு தோண்டிப் போய்தான் கண்டுபிடிச்சாரு. நெருக்கினவங்க எல்லாம் பொய் அக்கவுண்ட்டுன்னுதான் பெரும்பாலானவங்க நம்பறாங்க. அதனால எவ்ளோ சத்தம் போட்டு அவசரப்படுத்தறாங்களோ அவ்ளோ நிதானமா இருங்க, லாக் பட்டன் அதுக்குதான் இருக்கு.

ப்ளாக் பண்ணாலும் பப்ளிக் ரெப்போவ அவங்க பாக்க முடியும், புது அக்கவுண்ட்ல திரும்ப வரவும் முடியும். கூட்டமா வந்தா யார் கமென்ட் போடலாம்னு கட்டுப்படுத்தற இன்டராக்ஷன் லிமிட் இருக்கு, 24 மணிநேரத்துலேந்து 6 மாசம் வரைக்கும் வைக்கலாம், எனக்கு இதுவரை தேவைப்படல.

பப்ளிக் ரெப்போவுக்கு இது எல்லாமே இலவசம். என் மார்க் பத்துக்கு எட்டு, அதுல அஞ்சு ஃபார்முக்கு மட்டுமே. புதுசா ரெப்போ தொறக்கறவங்க மொத யூசர் வர்றதுக்கு முன்னாடியே ஃபார்ம போட்டுடுங்க, எழுத அரை மணிநேரம் ஆகும். என்னோடத அப்படியே எடுத்துட்டு போய் பேங்க் கேள்விய மட்டும் மாத்திக்கிட்டாலும் சரிதான், கணக்கு நம்பர் டிக் பாக்ஸ் மாதிரி உங்க யூசர் எதை தெரியாம வெளில விட்டுடுவாங்கன்னு யோசிச்சு ஒண்ணு சேத்துக்கங்க.