பிராக்பனில் விழுந்தவரா, வீழ்த்தியவரா?

குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் ரீமேட்ச், அதாவது அதே இரண்டு பேர் மறுபடி மோதும் சண்டை ஒன்று அறிவித்துவிட்டால் போதும், எங்கள் வீட்டுப் பையன்கள் வாட்ஸ்அப்பில் வரிசையாக வந்து 'அண்ணா, யார் மேல கட்டலாம்?' என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. 2001 நவம்பரில் மாமாவிடம் பந்தயம் கட்டித் தோற்றவன் நான். ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி சௌதான் (கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றியது) பந்தயம், ஆனால் அவர் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவதைப் பார்த்தால் நான் ஏதோ வீட்டுப் பத்திரத்தை வைத்துத் தோற்ற மாதிரி இருக்கும்.

அப்போதைய உலக சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ், அவரை எதிர்த்து வந்த ஹசீம் ரஹ்மான். முதல் சண்டை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது. நாங்கள் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம், பெனோனி ஆக்டன்வில். பிராக்பன் கார்னிவல் சிட்டி காசினோவுக்கு மாமாவின் பக்கியில் (பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டி) கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் டிக்கெட் விலைக்கும் எங்களுக்கும் ரொம்ப தூரம் என்பதால் டிவி முன்னால்தான் உட்கார்ந்தோம். 2001 ஏப்ரல் 22, ஞாயிறு, விடியற்காலை ஐந்து மணி வாக்கில் மணி அடித்தார்கள். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி டிவிக்குத் தோதாக இருக்க வேண்டும் என்பதற்காக உலக சாம்பியனை எங்கள் ஊரில் கோழி கூவும் நேரத்துக்கு எழுப்பினார்கள்.

அந்தச் சண்டைக்கு இரண்டு பேரும் எப்படித் தயாரானார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ரீமேட்ச் புரியும். லூயிஸ் பயிற்சி எடுத்தது லாஸ் வேகஸில். அதற்கு நடுவே ஒரு ஹாலிவுட் படத்தில் தலைகாட்டிவிட்டு, சண்டைக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோதுதான் இங்கே வந்து இறங்கினார். ரஹ்மான் பல வாரம் முன்னாலேயே வந்துவிட்டார். இதில் என்ன இருக்கிறது என்று டர்பன் ஆள்கள் கேட்கலாம், கடற்கரை ஆள்களுக்கு எங்கள் மேட்டுநிலக் காற்றின் கதை தெரியாது. பிராக்பன் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதனால் டர்பனிலிருந்து வருகிற பெரியம்மா ஒவ்வொரு தடவையும் 'என்ன எழவு அடுப்புடி இது, பருப்பு வேகவே மாட்டேங்குது' என்று திட்டிக்கொண்டே கிண்டுவார். பந்து ஆட வரும் டர்பன் பையன்கள் பத்தே நிமிஷத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். அவர்களெல்லாம் ஒல்லிப் பையன்கள். லூயிஸோ 253½ பவுண்டு, 115 கிலோ. ரஹ்மான் 238.

லூயிஸின் வாயிலும் எல்லார் வாயிலும் அப்போது, அடுத்து மோத நினைத்த மைக் டைசன் பெயர்தான். ரஹ்மானை வழியில் கிடந்த கல் மாதிரி நினைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் 2000 மே மாதம் நம்ம நாட்டு கோரி சாண்டர்ஸிடம் விழுந்து எழுந்து, ஏழாவது ரவுண்டில் அவரையே முடித்த ஆள்தான் இந்த ரஹ்மான். தெரிந்தும் யாரும் மதிக்கவில்லை. ஐந்தாவது ரவுண்டில் லூயிஸ் கயிற்றுப் பக்கம் சாய்ந்து சிரித்தார். நிஜமாகவே பல் தெரியச் சிரித்தார். அடுத்து வந்தது ஒரே ஒரு வலது கைக் குத்து, 2 நிமிடம் 32 விநாடியில் ஆட்டம் முடிந்தது. மாமா கையிலிருந்த தேநீர் போர்வை மேல் கொட்டியது, அதற்கு அத்தை திட்டியது தனிக் கதை.

சரி, இனி அந்த ஏழு மாதம்.

ரஹ்மான் என்ன செய்தார்? சண்டைகளை ஏற்பாடு செய்யும் டான் கிங் பக்கம் போனார். பை நிறைய ரொக்கமாக 5 லட்சம் டாலரைக் கொண்டுவந்து கிங் கொட்டினார் என்ற கதை அப்போது பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. முதலில் வேறொருவரோடு பெய்ஜிங்கில் ஒரு சண்டை, லூயிஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம். லூயிஸ் என்ன செய்தார்? ஒப்பந்தத்தில் ரீமேட்ச் ஷரத்து இருக்கிறது என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டார். முதலில் லூயிஸோடுதான் மோத வேண்டும் என்று ஜூனில் நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார். சாம்பியன் சுதந்திரமாகச் சுற்ற நினைக்க, தோற்றவர் அவரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். எனக்கு அன்றைக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. ரிங்கில் முடியாததைக் கோர்ட்டில் முடிக்கிறான் என்று பேசினேன், ரஹ்மானும் அதே மாதிரி, இன்னும் கொச்சையாகப் பேசினார்.

அதன் விளைவுதான் ஆகஸ்டில் நடந்த அந்த டிவி ஸ்டுடியோ கூத்து. நேர்முகம் கொடுக்க உட்கார்ந்த இரண்டு மலைகள் எழுந்து கட்டிப் பிடித்து மேசை மேல் சரிந்தன. நான் இதை ரஹ்மானின் வெற்றியாகப் பார்த்தேன். எப்போதும் செஸ் ஆடிக்கொண்டு அமைதியாக இருக்கும் லூயிஸே நிதானம் இழந்துவிட்டாரே, மண்டைக்குள் புகுந்துவிட்டான்டா என்று குதித்தேன். மாமா அதே காட்சியைப் பார்த்துவிட்டு வேறு சொன்னார்: 'பிராக்பன்ல சிரிச்சவன் இப்ப கோபப்படறான் பாரு. இவன் இனிமே தூங்க மாட்டான்.'

ரஹ்மான் மேல் பந்தயம் கட்டிய என் கட்சிக்கும் நியாயம் இருந்தது. ரஹ்மானுக்கு வயது 29, லூயிஸுக்கு 36. ஒரு தடவை விழுந்த தாடை இன்னொரு தடவையும் விழும். அதுவும் லூயிஸ் 1994-இல் வெம்ப்ளியில் ஆலிவர் மெக்கால் கையிலும் இப்படித்தான், ஒரே வலது கைக் குத்தில், இரண்டாவது ரவுண்டிலேயே சாம்பியன் பெல்ட்டைக் கொடுத்தவர். மாமா அதே உதாரணத்தைத் திருப்பிப் போட்டார். அந்தத் தோல்விக்குப் பிறகு மெக்கால் மூலையில் நின்ற பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்டையே லூயிஸ் தன் பக்கம் கொண்டுவந்தார், 1997-இல் மெக்காலைத் திரும்பச் சந்தித்தபோது எதிராளி ரிங்கிலேயே அழுது ஐந்தாவது ரவுண்டில் நிறுத்தப்பட்டார். அடித்தவனிடமிருந்தே பாடம் எடுக்கிற ஆளைச் சும்மா நினைக்காதே என்பது மாமாவின் வாதம்.

மாமா காய்கறி வியாபாரி. முப்பது வருஷம் தராசோடு வாழ்ந்தவர், வாய்ப்பேச்சைவிட முள்ளைத்தான் நம்புவார். ரீமேட்ச் எடை வந்தபோது லூயிஸ் 246½. பிராக்பனைவிட ஏழு பவுண்டு குறைவு. 'மூணு கிலோ சொச்சம். மூணு கிலோ உருளைக்கிழங்கைப் பையில போட்டு மாட்டிக்கிட்டு ஓடிப் பாரு, தெரியும்.' ரஹ்மானும் 236-க்கு இறங்கி நல்லாத்தானே இருக்கிறார் என்றேன். 'இருக்கான். ஆனா அவன் இளைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, இவன்கிட்ட இருந்துச்சு, அதை விட்டுட்டான்.' எனக்கு அன்றைக்கு இதற்கு மறுபேச்சு வரவில்லை, இப்போதும் வரவில்லை.

மாமாவின் தராசு எல்லா ரீமேட்சுக்கும் சரியாகச் சொல்லுமா என்றால், இல்லை. 2019-இல் சொன்னது. ஆண்டி ரூயிஸ் ஜூனில் அந்தோணி ஜோஷுவாவை நான்கு தடவை தரையில் உட்கார வைத்துவிட்டு, டிசம்பரில் சவூதிக்கு 283 பவுண்டோடு வந்தார், முதல் சண்டையில் அவர் 268. ஜோஷுவா பத்து பவுண்டு இளைத்து 237-இல் வந்து, பன்னிரண்டு ரவுண்டும் தள்ளி நின்றே ஆடிப் பெல்ட்டை மீட்டார். ஆனால் அதே ஜோஷுவா உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் தோற்று, பயிற்சியாளரை மாற்றிக்கொண்டு 2022-இல் திரும்ப வந்தும் தோற்றார். டைசன் ஃப்யூரி 2024-இல் 262-லிருந்து 281-க்கு ஏறிக்கொண்டு வந்தும் உசிக்கிடம் இரண்டாம் தடவையும் தோற்றார். ஏறினாலும் இறங்கினாலும் உசிக் முன்னால் முள் வேலை செய்யவில்லை. அதனால் பையன்கள் ரொம்ப நச்சரித்தால் நான் ஒன்று மட்டும் திருப்பிக் கேட்பேன்: முதல் சண்டையில் தோற்றவன் எப்படித் தோற்றான், ஏமாந்தா, பாடம் படித்துக்கொண்டே பன்னிரண்டு ரவுண்டா? ஏமாந்து தோற்றவன் திருத்துவதற்கு அவன் கையிலேயே ஏதாவது இருக்கும்.

2001 நவம்பர் 17, லாஸ் வேகஸ் மாண்டலே பே. எங்களுக்கு 18 ஞாயிறு காலை. தீபாவளி முடிந்து நாலு நாள், டப்பாவில் அடி முறுக்கு மட்டும் மிச்சம். மூன்று ரவுண்டு லூயிஸ் சிரிக்கவே இல்லை, இடது கை ஜாப், அந்தக் குட்டி நேர்க்குத்து மட்டும் போய்ப் போய் வந்தது. நான்காவது ரவுண்டில் ஒரு இடது ஹூக், அதாவது பக்கவாட்டுக் குத்து, ரஹ்மானின் கையை இழுத்தது, அந்த இடைவெளியில் வலது கை நேராக உள்ளே. 1 நிமிடம் 29 விநாடி. ரஹ்மான் எழப் பார்த்து மறுபடி சாய்ந்தார்.

மாமா முறுக்கை மென்றபடி எழுந்து பக்கிச் சாவியை எடுத்து என் பக்கம் போட்டார். கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறதே என்றேன். 'வரிசையில முதல்ல நில்லு' என்றார்.