அட்டன்பரோ: ஓர் அரிய பெயரைத் தேட வரைபடமா, பதிவேடா, மரபணுவா?

நாட்டிங்காம் நகருக்குத் தென்மேற்கே, ட்ரெண்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இயற்கை ஆவணப்படங்களின் குரலாக உலகம் அறிந்த டேவிட் அட்டன்பரோவும், காந்தியின் வாழ்க்கையைப் படமாக எடுத்த அவருடைய அண்ணன் ரிச்சர்டும் இந்த ஊரின் பெயரைத்தான் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள். இருவரும் இவ்வளவு புகழ் பெற்றதால், பிரிட்டனில் இது பரவலான பெயர் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் இது அங்கே அரிய பெயர்களில் ஒன்று.

இப்படி ஓர் அரிய பெயர் எங்கே பிறந்தது, அதைச் சுமக்கிற எல்லோரும் ஒரே குடும்பமா என்று தேடுபவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. பெயர் எந்தப் பகுதியில் எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்று காட்டும் பரவல் வரைபடம் ஒன்று. தேவாலயப் பதிவேடுகளும் பழைய வரிப் பட்டியல்களும் இன்னொன்று. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமைப் பரிசோதிப்பது மூன்றாவது. இப்போது மூன்றாவதற்குத்தான் மவுசு. எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் எழுநூறு வருடக் கதை திரும்பி வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரபணு ஒரு கூற்றைச் சோதித்துப் பார்க்க அருமையான கருவி. ஒரு பெயரின் தொடக்கத்தைச் சொல்வதில் மூன்றிலும் பலவீனமானது அதுதான். அட்டன்பரோ பெயரை வைத்தே இதைக் காட்ட முடியும்.

பரவல் வரைபடம்

பிரிட்டனின் குடும்பப் பெயர் வரைபடங்களுக்கு அடித்தளம் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்த ஆண்டு ஏப்ரல் 3 இரவு இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் யார் எந்த வீட்டில் தங்கியிருந்தார்கள் என்று எழுதிய ஏடுகள் அப்படியே இருக்கின்றன. 1980-களின் இறுதியில் தொடங்கி, தன்னார்வலர்கள் அவற்றை வரிக்கு வரி படியெடுத்தார்கள். மோர்மன் சபையின் வம்சாவளிச் சங்கமும் பிரிட்டனின் குடும்ப வரலாற்றுச் சங்கங்களும் சேர்ந்து செய்த வேலை அது. சம்பளம் வாங்காமல், மங்கிய கையெழுத்தோடு போராடி இதைச் செய்து முடித்தவர்களுக்கு இந்தத் துறையில் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம்.

இதற்கு முன்னோடி ஹென்றி கப்பி என்பவர். 1890-இலேயே பெயர்ப் பரவலை ஆராய்ந்து புத்தகம் போட்டவர். ஊர் ஊராக அச்சான வணிக விவரப் புத்தகங்களை எடுத்து, அவற்றில் இருந்த விவசாயிகளின் பெயர்களை மட்டும் எண்ணினார். நிலத்தை விட்டு அதிகம் நகராதவர்கள் அவர்கள்தான் என்பது அவர் கணக்கு. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு மாவட்டத்தில் 10,000 பேருக்கு 7 பேராவது இல்லாத பெயர்களை அவர் விட்டுவிட்டார். வரைபடம் யாருக்கு அதிகம் உதவுமோ அந்த அரிய பெயர்கள்தான் அவர் சல்லடையில் கீழே விழுந்துபோயின. கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் என்ற பெயருக்கு வரைபடம் போட்டு என்ன பயன்? கொல்லர் இல்லாத ஊர் ஏது?

1881 கணக்கில் அட்டன்பரோ பெயர் நாட்டிங்காம்ஷயரிலும் டெர்பிஷயரிலும் திரண்டு நிற்கிறது. இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். தலைகளை மட்டும் எண்ணினால் எந்தப் பெயருக்குமே லண்டன் பெரிதாகத் தெரியும். அங்கே ஜனம் அதிகம். அட்டன்பரோ விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு: 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயர் கொண்ட குடும்பத்தினர் லண்டனில், ஃப்ளீட் தெரு உட்பட, பேர்பெற்ற அடகுக்கடைக்காரர்களாக இருந்தார்கள். மக்கள்தொகையில் லட்சத்துக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டால்தான் லண்டன் மங்கி, ட்ரெண்ட் பள்ளத்தாக்கு மேலே வரும். அடுத்தது எல்லைச் சிக்கல். ஊருக்குப் பக்கத்தில் ஓடும் எரவாஷ் என்ற சிற்றாறுதான் இரு மாவட்டங்களுக்கும் எல்லை. மாவட்ட வாரியாக வரைபடம் போட்டால் ஒரே கூட்டம் இரண்டாகப் பிளந்து தெரியும். அதனால் மாவட்ட வரைபடத்தோடு நின்றுவிடாமல், ஏழைகள் நிவாரணத்துக்காக 1834-க்குப் பிறகு வகுத்த சிறிய ஒன்றியங்களின் அளவில் போட்ட வரைபடத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர்களில் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அட்டன்பரோவுக்குள் இருக்கிற ஒருவரை அட்டன்பரோக்காரர் என்று அழைத்தால் யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாது. ஊரை விட்டு வெளியே போய்க் குடியேறியவருக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். ஆகவே பெயரின் அடர்த்தி சரியாக ஊரின் மேல் விழாமல், அதைச் சுற்றி ஒருநாள் நடைத் தொலைவுகளில் வளையம்போல இருந்தால் அது வரைபடத்தின் பிழை அல்ல. பெயர் பிறந்த விதமே அப்படி. வெறும் பெயர் அகராதியை மட்டும் நம்பக்கூடாது என்பதும் இதனால்தான். ஆட்டா அல்லது அட்டி என்ற ஆங்கிலோ-சாக்சன் மனிதரோடு தொடர்புடைய அரண் என்று ஊர்ப் பெயருக்கு அகராதி பொருள் சொல்லும். அதற்கு மேல் குடும்பத்தைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. 2016-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட பெரிய பிரிட்டிஷ் குடும்பப் பெயர் அகராதி இதைப் புரிந்துகொண்டு, பெயர்களுக்குப் பொருளோடு 1881, 2011 எண்ணிக்கைகளையும் பரவலையும் சேர்த்தே தந்தது. பழைய அகராதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

வரைபடத்தின் பலவீனம், அது மிகவும் பிந்தியது என்பது. குடும்பப் பெயர்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் சுமார் 1350 வாக்கில் பரம்பரையாக நிலைபெற்றுவிட்டன. 1881 அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பின்னால். இடையில் கால்வாய், ரயில், ஆலை எல்லாம் வந்துவிட்டன. பெயர் அரிதாக இருந்தால், பத்துப் பிள்ளை பெற்ற ஒரு குடும்பம் இடம் மாறியதும் அங்கே ஒரு புதிய திட்டு தோன்றிவிடும். திட்டு எங்கே என்று வரைபடம் சொல்லும். எப்போது வந்தது என்று சொல்லாது.

பதிவேடு

அதைச் சொல்வது காகிதம். 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குராம்வெல் ஆணையிட்ட பிறகு ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கியது. முதலில் தனித்தனிக் காகிதங்களில்தான் எழுதினார்கள். 1598-இல் எல்லாவற்றையும் தோல் ஏடுகளில் படியெடுக்கச் சொன்னபோது, முதல் எலிசபெத் பட்டமேறிய 1558 முதலாவது கட்டாயம் எழுதுங்கள் என்று ஆணை சொன்னது. பல ஊர் எழுத்தர்கள் அதையே சாக்காக வைத்து முதல் இருபது ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். பதிவேடு 1538-க்குப் பதில் 1558-இல் தொடங்கும் ஊர்களில் போய்த் தேடுகிற ஒவ்வொருவருக்கும் அந்த இருபது ஆண்டு இழப்பு வலிக்கும். அப்புறம் 1640-களின் உள்நாட்டுப் போர் இன்னோர் ஓட்டை போட்டது. அந்தப் போரில் பாராளுமன்றப் படையின் தளபதியாக இருந்த ஹென்றி அயர்டன், ஆலிவர் குராம்வெல்லின் மருமகன், 1611-இல் இதே அட்டன்பரோ ஊரில் பிறந்தவர். இந்த ஊரைப் பற்றிப் படிக்கும்போது அது எனக்குச் சுவையான தற்செயலாகப் பட்டது.

1538-க்கு முன்னால் போக, 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களும், நிலக்கிழார்களின் நீதிமன்றச் சுருள்களும் உண்டு. இவற்றில் நிலம் வைத்திருந்தவன் தெரிவான், வரி கட்டியவன் தெரிவான், வழக்குப் போட்டவன் தெரிவான். எதுவும் இல்லாதவன் தெரியமாட்டான். இது பெரிய குறை. ஆங்கிலிகன் சபையை விட்டு விலகிய பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள் போன்றோர் பங்குப் பதிவேட்டிலிருந்து நழுவிப்போவதும் குறைதான்.

ஆனாலும் வேறெந்த வழியும் தராத ஒன்றைக் காகிதம் தருகிறது: காரணம். திருமணமாகாத தாய்க்குப் பிறந்த பையன் தாயின் குடும்பப் பெயரோடு வளர்வான். பாதிரியார் அதை ஞானஸ்நான வரியில் எழுதி வைத்திருப்பார். மாமனார் சொத்துக்காக மருமகன் பெயரை மாற்றிக்கொண்டால் அதற்கும் எங்கோ ஒரு பத்திரம் இருக்கும். பெயர் தொடர்கிறது, ரத்த வழி மாறுகிறது. இதை மரபணு ‘பொருந்தவில்லை’ என்று மட்டும் சொல்லும். ஏன் என்று அதற்குத் தெரியாது.

மரபணு

2000-இல் ஆக்ஸ்போர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தன் சொந்தக் குடும்பப் பெயர் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோமில் நான்கே அடையாளங்களைப் பார்த்தார். ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரே வகை. ‘சைக்ஸ்’ என்பது சிற்றோடையைக் குறிக்கும் பெயர். ஓடைகள் எங்கும் உண்டு என்பதால் பெயரும் பல இடங்களில் பிறந்திருக்கும் என்று ஆவண அறிஞர்கள் சொல்லிவந்தார்கள். மரபணுவோ ஒரே மூதாதையைக் காட்டுகிறது என்றார் சைக்ஸ். மரபணுச் சோதனையின் மேல் மக்களுக்கு மோகம் தொடங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த பெரிய ஆய்வுகள் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தன. 1984-இல் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணு ரேகையைக் கண்டுபிடித்த அதே இடம். டேவிட், ரிச்சர்ட் சகோதரர்கள் வளர்ந்ததும் அந்த வளாகத்தில்தான். அவர்களுடைய தந்தை ஃப்ரெடரிக், 1932 முதல் 1951 வரை அப்போதைய லெஸ்டர் கல்லூரியின் தலைவர். டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். பெயர் அரிதாக ஆக ஆக, அதைச் சுமப்பவர்கள் ஒரே வழியினராக இருப்பதும் கூடுகிறது. ஸ்மித் போன்ற பெயர்களில் அப்படி ஒரு கூட்டமே தெரியவில்லை. மற்றபடி ஒரு பெயரைச் சுமப்பவர்களில் இப்படி ஒரே வழிக் கூட்டங்களில் சேர்ந்தவர்கள் சராசரி 62%. எல்லாவற்றிலும் உயரத்தில் நின்றது அட்டன்பரோ: 87%. அதுவும் பிரிட்டனில் அரிதான ஒரு வகை என்பதால், தற்செயலாகப் பொருந்தியது என்றும் தள்ளிவிட முடியாது.

உடனே எல்லோரும் எடுக்கும் முடிவு: அட்டன்பரோ பெயரைத் தொடங்கியவர் ஒருவரே. ஆனால் ஆய்வாளர்களே அந்த முடிவை எடுக்கவில்லை. இன்றைய மரபணு அமைப்பு, 700 ஆண்டுகளுக்கு முன்பிருந்த முதல் ஆட்களைப் பற்றி நம்பத்தக்க செய்தி எதையும் அதிகம் தராது என்றே எழுதினார்கள். பலர் இதைப் படிக்காமலே 87 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

ஏன் அப்படி? 1873-இல் ஃப்ரான்சிஸ் கால்டன் ஒரு கணக்குக் கேட்டார்: ஒவ்வோர் ஆணுக்கும் எத்தனை மகன்கள் என்பது தற்செயலாக மாறினால், எத்தனை குடும்பப் பெயர்கள் அழியும்? பாதிரியார் ஹென்றி வாட்சன் விடை எழுதினார். பெண் பிள்ளைகள் மட்டும் பிறந்த வீட்டில், பிள்ளையே இல்லாத வீட்டில், அந்த ஆண் வழி அங்கேயே முடிந்துவிடுகிறது. இது தலைமுறை தலைமுறையாக நடந்தால் பெரும்பாலான வழிகள் அற்றுப்போகும். போதாததற்கு, குடும்பப் பெயர்கள் நிலைபெற்றுவந்த நேரத்தில்தான் 1348-49 கொள்ளைநோய் வந்தது. ஆக, அட்டன்பரோவிலிருந்து ஐந்து பேர் ஐந்து ஊர்களுக்குப் போய் ஐந்து தனிக் குடும்பங்களைத் தொடங்கியிருந்தாலும், நான்கு அற்று ஒன்று தழைத்திருந்தால் இன்றைய சோதனை ஒரே மூதாதையைத்தான் காட்டும். மீதி 13 சதவீதத்தில் இன்னொரு தொடக்கக் குடும்பமும் இருக்கலாம், தாய்ப் பெயரில் வளர்ந்த பையனின் வழியும் இருக்கலாம். குரோமோசோமைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

மரபணு ஒன்றுக்கும் உதவாது என்று நான் சொல்லவில்லை. 2007-இல் இதே லெஸ்டர் குழு, கிழக்கு யார்க்‌ஷயரின் அரிய பெயர் ஒன்றைச் சுமந்த 18 ஆண்களைச் சோதித்தபோது ஏழு பேரிடம் ஏ1 என்ற கிளை இருந்தது. அது மேற்கு ஆப்பிரிக்காவோடு தொடர்புடையது. எந்தப் பதிவேடும் எந்த வரைபடமும் இதைக் காட்டியிருக்காது. அந்த ஏழு பேரையும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் யார்க்‌ஷயரில் வாழ்ந்த முன்னோர்களைக் கொண்ட இரண்டு வம்சாவளிகளாகப் பிரித்தது ஆவணத் தேடல். அந்த இரண்டும் இன்னும் சில தலைமுறை முன்னால் ஒன்றாகச் சேர்வதைக் காட்டியது மறுபடியும் மரபணு. இரண்டு வழிகளும் தோள் கொடுத்து நின்ற அழகான ஆய்வு அது.

எந்தக் கேள்விக்கு எது

பெயர் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதற்கு வரைபடம். செலவும் இல்லை, ஒரு மாலை நேரம் போதும். யாருக்கு யார் மகன் என்பதற்குப் பதிவேடு. மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். இரண்டு தனிக் கிளைகள் ஒன்றா என்பதற்கு மரபணு. பணம் ஆகும், அந்தப் பெயரோடு உயிரோடு இருக்கும் ஆண்களின் சம்மதமும் வேண்டும். ஒருவர் சோதனைக்குக் கொடுத்தால் அவருடைய அண்ணன் தம்பி, பெரியப்பா மகன் எல்லோரின் ரகசியமும் சேர்ந்து வெளியே வரும் என்பதை முன்பே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயரோடு பிறந்த பெண்களுக்கு ஒய் குரோமோசோம் இல்லாததால், சோதனைக்குத் தந்தையையோ சகோதரனையோதான் கேட்க வேண்டியிருக்கும்.

பெயரைத் தொடங்கியது ஒருவரா பலரா என்ற கேள்விக்கு, 14ஆம் நூற்றாண்டு வரிப் பட்டியலில் அந்தப் பெயர் எத்தனை ஊர்களில் தெரிகிறது என்பதே இருக்கிற சாட்சிகளில் நேரடியானது. 87% என்ற எண் அதற்கு ஈடாகாது.

மரபணுவுக்குச் செலவழிப்பது என்று முடிவு செய்தால், ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் சித்தப்பா மகனைச் சோதித்துப் பயனில்லை. பதிவேட்டின்படி உங்களுக்கும் அவருக்கும் பொது முன்னோர் மிகப் பழையவராக, சொல்லப்போனால் 1650-ஐ ஒட்டியவராக, இருக்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். இருவரும் பொருந்திவிட்டால், நடுவில் இரு பக்கமும் நீங்கள் காகிதத்தில் கோத்த தந்தை-மகன் கண்ணிகளில் ஆண் வழி அறவில்லை என்பதற்கு ஒரே சோதனையில் வலுவான சான்று கிடைத்துவிடும். பொருந்தாவிட்டால் மூன்றாவது கிளையிலிருந்து ஒருவரைச் சேர்த்து, எந்தப் பக்கம் அறுந்தது என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்துப் பதிவேடுகளை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.