உறைந்த வட்டு, உறையாத வட்டு: எது நன்றாக வழுக்கும்?

ஐஸ் ஹாக்கியில் அடித்து ஆடும் கறுப்பு வட்டு, அதாவது பக், வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய ரப்பர்தான். 3 அங்குல அகலம், 1 அங்குல கனம், எடை 156 முதல் 170 கிராம். குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் நிறைந்த குலசேகரம், அருமனை பக்கம் வளர்ந்தவர்களுக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் அதே ரப்பரை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஆளே மாறிவிடும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். ஆட்டங்களில் வட்டை உறைய வைத்துத்தான் ஆட எடுக்கிறார்கள்.

வழுக்கத்தான் உறைய வைக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறோம். முக்கியக் காரணம் அதைவிட வேறு: துள்ளல். உறையாத வட்டு இளகி இருக்கும், ஐஸில் ஒரு கீறல் குறுக்கே வந்தாலே எகிறும், புரளும், மட்டையில் நிற்காது. உறைந்தது விறைத்துப்போய், விழுந்த அடியின் சக்தியில் பெரும்பகுதியைத் தனக்குள்ளேயே வெப்பமாக்கிவிடுவதால் படுத்தபடியே போகும். இதில் உறைந்த வட்டுக்கே என் ஓட்டு, யோசிக்கவே வேண்டாம்.

சரி, உராய்வு? அங்கே வட்டைவிட ஐஸின் வெப்பநிலைக்குத்தான் அதிகாரம். ஐஸின் மேற்பரப்பில் மெல்லிய, நீர் மாதிரியான படலம் ஒன்று உண்டு, வழுக்குவதே அதனால்தான். பூஜ்யத்தை நெருங்கினால் ஐஸ் இளகி, வட்டு தண்ணீரையும் சேர்த்துத் தள்ள வேண்டிவரும். மிகவும் குளிர்ந்தால் படலம் சுருங்கி உராய்வு மறுபடி ஏறும். எஃகை ஐஸில் உரசிப் பார்த்த சோதனைகளில் மைனஸ் 7 டிகிரி அருகேதான் உராய்வு மிகக் குறைவாக வந்திருக்கிறது. உறையாத வட்டு தன் சூட்டால் அடியிலிருக்கும் ஐஸைக் கொஞ்சம் இளக்கும், அந்த அளவுக்குத்தான் அதன் பங்கு.

உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்ணான உராய்வுக் கெழுவை 0.1 என்று வைத்து, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தட்டினால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்க்கும்போது வட்டு 200 மீட்டர் தாண்டித்தான் நிற்கும், ஆனால் ஆடுகளமே சுமார் 61 மீட்டர்தான். அதே வட்டு சிமென்ட் தரையில், கெழு 0.7 என்றால், 30 மீட்டருக்குள் நின்றுவிடும். எடை இந்தக் கணக்கில் வரவே வராது, பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டில் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு தட்டில் தண்ணீரை உறைய வைத்து, ஒரு ரப்பர் துண்டை ஃப்ரீசரிலும் இன்னொன்றை வெளியிலும் வையுங்கள். தட்டை மெல்லச் சாய்த்து, எந்தக் கோணத்தில் நகரத் தொடங்குகிறது என்று பாருங்கள். குளச்சல் மாதிரிக் கடலோரத்தில் ஃப்ரீசரைத் திறந்த கையோடு ஐஸ் வியர்க்கும், அதனால் தாமதிக்காதீர்கள், உறைந்த துண்டு ஈர ஐஸில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். உள்ளரங்க ஆடுகளங்களிலும் காற்றின் ஈரத்தை இழுக்கத் தனி இயந்திரம் ஓட்டுவது இந்தத் தொல்லைக்காகத்தான். அப்புறம் இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து தரையில் போட்டுத் துள்ளலையும் பாருங்கள், ஆனால் துண்டுகள் ஒரே ரப்பரில் வெட்டியதாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒப்பிட்டுப் பயனில்லை.